கொல்லிமலையில் சின்னதா ஒரு பீர் ஆலை தொடங்க முடியுமா? லைசென்ஸ் யார் தருவாங்க? சட்டம் என்ன சொல்லுது?

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழை என எல்லாம் விளையும் மண். கொஞ்சம் உள்ளே போனால் சாமை, கேழ்வரகு, தினை. கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்ச்சிக்கும் குறைவில்லை. வார இறுதியில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டுகின்றன.

இதையெல்லாம் பார்க்கும் பலருக்கும் வரும் யோசனை ஒன்றுதான். "பெங்களூருவில் ஹோட்டலுக்குள்ளேயே பீர் தயாரித்து ஊற்றுகிறார்கள். அதே மாதிரி இங்கே சின்னதா ஒண்ணு போட்டா என்ன? மலையில விளையுற ராகியும் அன்னாசியும் இருக்கே!"

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். இப்போதைய விதிகளின்படி முடியாது. பணம் போதாது என்பதோ, சுற்றுச்சூழல் அனுமதி கிடைக்காது என்பதோ இதற்குக் காரணம் இல்லை. 'சின்ன பீர் ஆலை' என்ற உரிம வகையே தமிழ்நாட்டு விதிப் புத்தகத்தில் கிடையாது. விண்ணப்பப் படிவமே இல்லாத ஒன்றுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

ஆனால் பெரிய பீர் ஆலைகளுக்குத் தமிழ்நாட்டில் அனுமதி உண்டு, அவை இயங்கிக்கொண்டும் இருக்கின்றன. அப்படி இருக்கும்போது சின்னதுக்கு மட்டும் ஏன் இல்லை? கொல்லிமலை போன்ற பழங்குடி மலைக்கு இதில் என்ன லாபம், என்ன ஆபத்து?

<b>மதுவிலக்கு முதலில் வந்த மாவட்டம்</b>

இன்றைக்கு நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை, 1997-க்கு முன்பு வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. மது வரலாற்றில் சேலத்துக்குத் தனி இடம் உண்டு. 1937-ல் அன்றைய சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தபோது, முதலில் அமலுக்கு வந்தது அவருடைய சொந்த மாவட்டமான சேலத்தில்தான். தேதி 1937 அக்டோபர் 1. கடை மூடியதால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் அவர் கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. இன்றைக்கு நாம் கட்டும் ஜி.எஸ்.டி.க்கு ஒரு வகையில் அது தாத்தா முறை.

அந்த 1937 சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெயர், 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937'. டாஸ்மாக் கடை திறந்திருக்கும் மாநிலத்தில் மதுவிலக்குச் சட்டமா என்று கேட்கலாம். ஆமாம், அதுதான் விஷயமே.

கர்நாடகாவில் மது என்பது கலால் சட்டத்தின் கீழ் வரும் ஒரு வியாபாரம். தமிழ்நாட்டில் சட்டப்படி மது என்பது தடை செய்யப்பட்ட பொருள். தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது எல்லாமே குற்றம் என்று சொல்லிவிட்டு, அதற்கு விலக்குகளை விதிகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். டாஸ்மாக் ஒரு விலக்கு. நட்சத்திர ஹோட்டல் பார் ஒரு விலக்கு. பெரிய பீர் ஆலையும் ஒரு விலக்குதான். விலக்குப் பட்டியலில் பெயர் இல்லை என்றால், அது தானாகவே குற்றப் பட்டியலுக்குப் போய்விடும். சின்ன பீர் ஆலை மாட்டிக்கொள்வது இங்கேதான்.

<b>1983-ல் எழுதிய விதி</b>

1971-ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் மறுபடியும் வந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் திரும்பத் திறந்தன. அதைத் தொடர்ந்து 1983-ல் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. ஒன்று, மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்னொன்று, 'தமிழ்நாடு பீர் ஆலை விதிகள், 1983' வந்தது.

இன்றைக்கும் பீர் ஆலை தொடங்க நினைப்பவர் நிற்க வேண்டிய வாசல் இந்த விதிதான். விண்ணப்பம் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையரிடம் போகும். முடிவெடுப்பது அரசு. அதாவது இது தாசில்தார் அலுவலகத்தில் முடிகிற வேலை இல்லை, கோட்டை வரை போக வேண்டிய கோப்பு.

விதிகள் மனதில் வைத்திருப்பது ஒரு தொழிற்சாலையை. பாட்டிலில் அடைத்து, லேபிளுக்கு ஒப்புதல் வாங்கி, வரி கட்டி, டாஸ்மாக் கிடங்குக்கு அனுப்பும் ஆலை. உள்ளே அரசின் ஆயத்தீர்வை அலுவலர்கள் இருப்பார்கள். எவ்வளவு மால்ட் உள்ளே போனது, எவ்வளவு பீர் வெளியே வந்தது என்று கணக்குப் பார்ப்பது அவர்கள் வேலை.

அப்படித் தயாரித்த பீரை ஆலை முதலாளி தன் வாசலில் ஒரு டம்ளர்கூட விற்க முடியாது. மொத்த விற்பனை 1983 முதலே டாஸ்மாக் கையில். 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம் போய்விட்டது. மைக்ரோ ப்ரூவரி என்பதன் அர்த்தமே 'இங்கேயே காய்ச்சு, இங்கேயே ஊற்று' என்பதுதான். தமிழ்நாட்டில் காய்ச்சுபவர் ஒருவர், ஊற்றுபவர் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில் டாஸ்மாக்.

2024-25 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 45,855 கோடி. இவ்வளவு பெரிய குழாயில் சின்னச் சின்ன ஓட்டை போட எந்த நிதித்துறைதான் சம்மதிக்கும்? வெளியே சொல்லப்படும் காரணங்கள் எதுவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் கணக்கு இது.

<b>"தொழில் செய்வது என் உரிமை" என்று கோர்ட்டுக்குப் போனால்?</b>

போகலாம். ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மது தயாரிப்பும் விற்பனையும் அரசியலமைப்புச் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 47-வது பிரிவு, மதுவிலக்கை நோக்கி நகர அரசு முயல வேண்டும் என்கிறது. கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் 1994-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மது வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு முழுசாகத் தடை செய்யலாம், தானே ஏகபோகமாக நடத்தலாம்.

அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் முக்கியம். தனியாருக்கு அனுமதி தருவது என்று அரசு முடிவெடுத்துவிட்டால், தகுதியுள்ளவர்களுக்கு இடையே பாரபட்சம் காட்டக்கூடாது. பெரிய ஆலைக்குத் தருகிறீர்கள், எனக்கு ஏன் இல்லை என்று கேட்பதற்கு ஒரு நூல் பிடி கிடைக்கும். அவ்வளவுதான், அது கயிறு ஆகுமா என்பது வேறு.

<b>பக்கத்து மாநிலங்களில் எப்படி வந்தது?</b>

குருகிராம், புனே நகரங்களில் 2008, 2009 வாக்கில்தான் இந்தியாவின் முதல் மைக்ரோ ப்ரூவரிகள் வந்தன. புனேவில் 2009-ல் தொடங்கிய டூலாலி பலருக்கும் தெரிந்த பெயர். கர்நாடகா 2010-ல் விதி கொண்டுவந்தது. பெங்களூரு இந்திராநகரின் டாய்ட் போன்றவை அதன் பிறகு பிரபலமாகின. தெலங்கானா 2015-ல் தனி விதியே எழுதியது. புதுச்சேரியிலும் அனுமதி உண்டு. சென்னைக்காரர்கள் வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இந்த ஆலைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். குருகிராம், புனே, பெங்களூரு, ஹைதராபாத். எல்லாமே ஐ.டி. சம்பளம் புழங்கும் நகரங்கள். உரிமக் கட்டணம், இட வசதி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் செலவு எல்லாம் சேர்ந்து அந்தத் தொழிலை அங்கேதான் தள்ளும். நாளைக்கே தமிழ்நாடு அரசு மைக்ரோ ப்ரூவரிக்கு விதி கொண்டுவந்தால், முதல் போர்டு சென்னை ஓ.எம்.ஆரிலோ கோவை அவிநாசி சாலையிலோதான் தொங்கும். செம்மேட்டில் இல்லை.

கேரளாவின் அனுபவம் வேறு மாதிரி. 2018-ல் மூன்று பீர் ஆலைகளுக்குக் கொள்கை அளவில் அனுமதி கொடுத்த பினராயி விஜயன் அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆண்டு அக்டோபரிலேயே அதை ரத்து செய்தது. 2025 ஜனவரியில் பாலக்காடு எலப்புள்ளியில் ஒரு மது ஆலைக்கு ஒப்புதல் தந்தபோது, தண்ணீரை முன்வைத்துப் போராட்டம் வெடித்தது. கோகோ கோலாவை விரட்டிய பிளாச்சிமடா இருக்கும் அதே பாலக்காடு.

ஆனால் அதே கேரளா 2022-ல் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தது. மாநிலத்தில் விளையும் பழங்களில் இருந்து சிறு அளவில் ஒயின் தயாரிக்க விதி எழுதியது. தானியங்கள் அதில் சேராது. அன்னாசி, வாழை போன்றவை சேரும். கொல்லிமலைக்காரர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது பெங்களூருவின் பீர் கோப்பையை அல்ல, கேரளாவின் இந்த விதியை.

<b>சரி, விதி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மலையில் வேறு என்னென்ன பேப்பர் வேணும்?</b>

மது உரிமம் ஒரு கதவு மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் வேறு கதவுகள் இருக்கின்றன. மலையில் அவை இன்னும் கனமானவை.

முதலில் நிலம். கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளா என்று நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த பட்டா என்றால், அது வாரிசுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது, வேறு யாருக்கும் மாற்றித் தரவும் முடியாது. கீழே இருந்து வரும் முதலீட்டாளர் அதைக் 'குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கலாம்' என்று நினைத்தால் ஆரம்பத்திலேயே சிக்கல். காப்புக்காடு என்றால் பேச்சே இல்லை, 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். தனியார் பட்டா நிலமாகவே இருந்தாலும், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட கிராமம் என்றால் கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

அடுத்தது தண்ணீர். சாதாரணமாக ஒரு லிட்டர் பீருக்கு 4 முதல் 7 லிட்டர் தண்ணீர் செலவாகும். சின்ன ஆலைகளில் இதைவிடவும் கூடும், ஏனென்றால் டேங்க் கழுவவே நிறைய போகும். வெளியே வரும் கழிவு நீரில் விஷம் இல்லைதான். ஆனால் ஈஸ்ட், சர்க்கரை, தானியச் சக்கை எல்லாம் கலந்திருக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துவிடும். மீன் மிதக்கும். ஆகாய கங்கை அருவியாக விழும் அய்யாறு இந்த மலையில் இருந்துதான் இறங்குகிறது. மேலே ஒருவர் விடும் கழிவு கீழே இருக்கிறவர் குடிக்கும் தண்ணீர். மலையில் இது உவமை இல்லை, நிலஅமைப்பு.

அதனால்தான் பீர் உள்ளிட்ட நொதித்தல் தொழிலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் சிவப்பு வகையில் வைத்தது. அதிகம் மாசுபடுத்தக்கூடிய தொழில்களுக்கான வகை அது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு முறை ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டுவதற்கு முன் 'நிறுவுவதற்கான இசைவு', ஓட்டுவதற்கு முன் 'இயக்குவதற்கான இசைவு'. 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும்.

பிறகு உணவுப் பாதுகாப்பு. மதுவும் சட்டப்படி உணவுதான்! 2018-ல் மதுபானங்களுக்கென்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது, 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. எதைப் பீர் என்று சொல்லலாம், ஆல்கஹால் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம், லேபிளில் எச்சரிக்கை வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும்.

மற்றவை வழக்கமானவை. ஊராட்சி அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, பாய்லர் இருந்தால் அதற்குப் பதிவு, நிலத்தடி நீர் எடுக்க அனுமதி, தொழிலாளர் எண்ணிக்கையைப் பொறுத்து தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் பதிவு. இவை எந்தத் தொழிலுக்கும் உண்டு.

பலரும் கவனிக்காத ஒன்று, ஜி.எஸ்.டி. மனிதர் குடிக்கும் மது ஜி.எஸ்.டி. வரம்புக்கு வெளியே இருக்கிறது. கேட்க லாபம் மாதிரி தெரியும். ஆனால் டேங்க், குளிரூட்டி, பைப் எல்லாம் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்டித்தான் ஆக வேண்டும். விற்கும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால், கட்டியதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது. பெரிய ஆலை அதைத் தாங்கும். சின்ன ஆள் தாங்குவாரா?

<b>ஒரே ராகி, மூன்று தலையெழுத்து</b>

இந்தச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை ஒரு படி கேழ்வரகை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

கொல்லிமலையில் ஒரு மகளிர் சுய உதவிக் குழு ராகியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்துப் பாக்கெட் போட்டால் அது ராகி மால்ட். உணவுப் பாதுகாப்புப் பதிவு இருந்தால் போதும், விற்கலாம். அரசே பாராட்டும், கண்காட்சியில் ஸ்டால் கொடுக்கும்.

அதே முளைகட்டிய ராகியை வேகவைத்து ஈஸ்ட் சேர்த்துப் பெங்களூருவில் ஒரு பப் ஊற்றினால் அது கிராஃப்ட் பீர். அங்கே ராகி சேர்த்த பீரையும் பரிமாறியிருக்கிறார்கள்.

அதையே கொல்லிமலையில் ஒருவர் தன் வீட்டுப் பானையில் செய்தால்? மதுவிலக்குச் சட்டத்தின் 4-வது பிரிவில் வழக்கு. தயாரித்தால் மட்டுமல்ல, தயாரிப்பதற்கான பாத்திரமும் மூலப்பொருளும் வைத்திருந்தாலே குற்றம். 'மது' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் கள், சாராயம், ஒயின், பீர், ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அடங்கும். வீட்டுக்கு மட்டும்தான், விற்கவில்லை என்பதும் தப்பிக்க வழி இல்லை. யூடியூப் பார்த்து திராட்சை ஒயின் போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2020 ஊரடங்கில் டாஸ்மாக் மூடியிருந்தபோது, வீட்டில் குக்கர் வைத்துச் சாராயம் காய்ச்சியதாகப் பலர் கைதானது நினைவிருக்கும். திரும்பத் திரும்பச் சிக்கினால் குண்டர் சட்டம் பாயும். 1982-ல் வந்த அந்தச் சட்டத்தின் முழுப் பெயரில் முதலில் வருவதே கள்ளச்சாராயக்காரர்கள்தான்.

கள் கதையும் இதேதான். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பக்கத்தில் கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறது. தடையை நீக்கச் சொல்லி கள் இயக்கத்தின் நல்லசாமி போன்றவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். தென்னை, பனை விவசாயிகளுக்கே கிடைக்காதது, எண்ணிக்கையில் சிறிய மலைவாசிகளுக்கு எப்படிக் கிடைக்கும்?

<b>பழங்குடி மலைகளுக்கு விதிவிலக்கு இல்லையா?</b>

வேறு மாநிலங்களில் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பழங்குடியினர் வீட்டுத் தேவைக்கு மஹுவா, அதாவது இலுப்பை வகைப் பூவில் இருந்து மது வடிக்கக் கலால் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதற்கு ஒரு படி மேலே போய், மஹுவாவைப் 'பாரம்பரிய மது' என்று அறிவித்து, பழங்குடி சுய உதவிக் குழுக்களே பாட்டிலில் அடைத்து விற்கும் திட்டத்தையும் அந்த மாநிலம் கொண்டுவந்தது. கோவாவின் ஃபெனி 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. முந்திரிப் பழத்தை வீணாக்காமல் காசாக்கும் ஊர் அது.

இன்னொரு சட்டம் இருக்கிறது, பெசா. 1996-ல் வந்த இது, அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் இருக்கும் கிராம சபைகளுக்கும் ஊராட்சிகளுக்கும் மது விஷயத்தில் நேரடி அதிகாரம் தரச் சொல்கிறது. ஊரில் மது வேண்டாம் என்று தடுக்கலாம், விற்பனையைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எதுவுமே அறிவிக்கப்படவில்லை. கொல்லிமலையும் இல்லை, கல்வராயன் மலையும் இல்லை, ஜவ்வாது மலையும் இல்லை. சட்டமன்றத்தில் சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. ஆனால் மலையில் மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் சட்ட அதிகாரம் வாழவந்திநாடு ஊராட்சிக்கோ வளப்பூர்நாடு ஊராட்சிக்கோ இல்லை. கிராம சபையில் தீர்மானம் போடலாம். அது கோரிக்கையாகத்தான் மேலே போகும்.

ஆக, தயாரிக்கவும் உரிமை இல்லை, தடுக்கவும் உரிமை இல்லை. பீர் ஆலை வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். முடிவு சேப்பாக்கத்தில்.

<b>கள்ளக்குறிச்சிக்குப் பிறகு இதைப் பேசலாமா?</b>

பேசித்தான் ஆக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டில் இருபதுக்கும் மேல். இரண்டிலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்கான ரசாயனம் அது, சாராயத்தில் போதை ஏற்றக் கலக்கப்பட்டது.

பீர், கள் போன்றவை நொதித்தலோடு நின்றுவிடுபவை. சாராயம் அதையும் தாண்டி காய்ச்சி வடிப்பது. விஷச்சாராயம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டுமே இல்லை, எங்கிருந்தோ கடத்தி வந்த மெத்தனால். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு. ஆனால் காக்கிச் சட்டையின் பார்வையில் மூன்றும் ஒன்றுதான், 'ஊறல்' கண்டுபிடித்தால் அழிப்பது. கொல்லிமலை ஓடைக்கரைகளிலும் அந்த வேட்டை அவ்வப்போது நடக்கிறது.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு ஏற்பட்டால் ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கியது. இன்னொரு பக்கம், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கேயும் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர்தான். சாலை இல்லை, வேலை இல்லை, அதனால் காய்ச்சுகிறார்கள் என்ற பேச்சு நீதிமன்றம் வரை போனது அப்போதுதான்.

எதிர்ப்பவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மலையில் குடியால் நொந்துபோன பெண்களிடம் போய் 'கிராஃப்ட் பீர்' என்றால் என்ன சொல்வார்கள்? சட்டப்படி நடக்கும் ஒரு சின்ன ஆலை, சட்டத்துக்குப் புறம்பான பத்துப் பானைகளுக்கு மறைப்பாக மாறலாம். டேங்கில் எத்தனை லிட்டர் என்று தினமும் பார்க்க 70 வளைவு ஏறி வர ஓர் அதிகாரி வேண்டும். பெரிய ஆலையில் அந்த அதிகாரி அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஆயிரம் லிட்டர் ஆலைக்கு ஒருவரை உட்கார வைத்தால் அரசுக்கும் கட்டாது, ஆலைக்கும் கட்டாது.

பாட்டில் பிரச்னை வேறு. நீலகிரியில் உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைப் பார்த்துத்தான், 2022-ல் உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைக் கொடுக்கும் திட்டம் வந்தது.

<b>மாறுமா?</b>

மாற்றுவது சட்டப்படி பெரிய வேலை இல்லை. 1937 சட்டத்தையே தூக்கிப்போட வேண்டியதில்லை, விதிகளைத் திருத்தி அரசிதழில் வெளியிடலாம். 2023 மார்ச்சில் அப்படித்தான் மாநாடு, விழா அரங்குகளில் மது பரிமாற ஒரு சிறப்பு உரிமம் வந்தது. ஏப்ரலில் விஷயம் வெளியே தெரிந்து 'கல்யாண மண்டபத்திலும் சரக்கா?' என்று எதிர்ப்பு கிளம்ப, அவசரமாக மண்டபங்களை நீக்கிவிட்டு, தேசிய, சர்வதேச மாநாடுகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் மட்டும் என்று சுருக்கினார்கள். அதே ஆண்டு ஜூன் 22-ல் 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஒரு கை திறந்தால் இன்னொரு கை மூடிக் காட்ட வேண்டிய அரசியல் இது. புதிதாக ஒரு மது உரிமம் அறிவிக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் வருவது கஷ்டம்.

இதற்கு நடுவில், 'மைக்ரோ ப்ரூவரி லைசென்ஸ் வாங்கித் தர்றோம், அட்வான்ஸ் மட்டும் கட்டுங்க' என்று யாராவது அணுகினால் கொஞ்சம் நிதானியுங்கள். அவர்கள் காட்டும் விதிகள் கர்நாடகாவுக்கோ தெலங்கானாவுக்கோ உரியதாக இருக்கும். தமிழ்நாட்டில் அப்படி ஓர் உரிமம் வந்தால் முதலில் அரசிதழில் வரும். சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டிய இடம் சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் ஆணையர் அலுவலகம், அல்லது நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் ஆயத்தீர்வைப் பிரிவு.